வீட்டுக்கா, வேண்டுதலுக்கா?

எங்கள் கடைக்காக நான் முதன்முதலில் இணையத்தில் ஏற்றிய படத்தில் ஒரு பித்தளை வேல் இருக்கும். அதன் தண்டை ஒரு பெண்ணின் கை இறுகப் பிடித்திருக்கும். வேலைத் தனியாகப் படம் எடுக்கத்தான் ஸ்டுடியோக்காரரிடம் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கி, கடைச் சுவரில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டிருந்தேன். அண்ணி கையை எடுக்கவே இல்லை. "நீ பாட்டுக்கு எடு தம்பி. நான் புடிச்சிகினு கீறேன்" என்றார். வேல் சாய்ந்துவிடுமே என்று பிடிக்கவில்லை, எனக்குத் தெரியும். நான் அதை எங்கோ கொண்டுபோகப் போகிறேன் என்ற சந்தேகத்தில் பிடித்திருந்தார். பின்னால் எத்தனையோ படங்கள் மாற்றினேன். அந்தக் கையை மட்டும் வெட்டி எடுக்க மனம் வரவில்லை.

மலைக்கு ஏறும் சாலையின் திருப்பத்தில் இருந்தது கடை. வேல், காவடி, மயிற்பீலி, விபூதி. அண்ணன் திடீரென்று இறந்துபோனதும் அண்ணி கல்லாவில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண், வாடகை வீடு, இந்தக் கடை. அவ்வளவுதான் அவருக்கு இருந்தது. கிருத்திகை என்றால் மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற நாட்களில் ஈ ஓட்டவேண்டியதுதான். அடிவாரத்திலேயே பெரிய கடைகள் வந்தபின், திருப்பதி போகிற வழியில் இறங்கிக் கும்பிடுகிறவர்கள் அங்கேயே வாங்கிக்கொண்டு மேலே போனார்கள். இப்படியே போனால் அடுத்த ஆடிக்குள் கடையைச் சாத்தவேண்டியதுதான் என்று ஆனது. நான் அப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினி தெரிந்தவன் என்று ஊரில் கொஞ்சம் பேர் இருந்தது, கர்வமும் இருந்தது. நம் கடையை இணையத்தில் போடலாம் அண்ணி என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது, ஏதோ வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டவனைப் பார்ப்பதுபோல.

அதற்கு ஏற்றாற்போல அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் தூபம் போட்டார்கள். கொழுந்தன் கடையைக் கணினியில் தன் பேருக்கு எழுதிக்கொள்ளப் போகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தளத்தைத் திறக்கும் கடவுச்சொல்லை அண்ணி என்னிடம் கேட்டு வாங்கினார். வாங்கியதோடு விடாமல், தன் பெண்ணை என் சென்டருக்கே அனுப்பி, நான் சொன்ன சொல் உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். பெண் வெட்கத்தோடு என் எதிரிலேயே அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

அண்ணிக்கு வியாபாரத்தில் ஒரு முறை உண்டு. வேல் கேட்டு யார் வந்தாலும் எடுத்துக் கொடுப்பதற்கு முன் "வீட்டுக்கா, வேண்டுதலுக்கா?" என்று கேட்பார். கோயிலில் செலுத்துகிற வேண்டுதல் என்றால் ஆளுயர வேலும் தருவார். வீட்டில் வைக்க என்றால் ஒரு சாணுக்கு மேல் தரமாட்டார். பெரிய வேலை வீட்டில் வைத்தால் தினமும் அபிஷேகமும் படையலும் தவறக்கூடாது, தவறினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கையில் பணத்தோடு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வேண்டுதல் என்று பொய் சொல்பவர்களும் அவரிடம் மாட்டிக்கொள்வார்கள், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

"இதுல மொகம் எங்க கீது?" என்று என் கணினித் திரையைக் காட்டிக் கேட்டார். நான் ஆர்டர் படிவத்தில் அந்தக் கேள்வியையும் சேர்த்துவைத்தேன். அதற்கும் திருப்தி இல்லை. "தட்டறவனுக்கு இன்னா, எதையாச்சும் தட்டிட்டுப் போவான். அவன் தட்டனத பாத்துட்டு நீ அனுப்பிடுவ."

ரொம்ப நாள் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒன்றிரண்டாக வர ஆரம்பித்தது. வந்ததை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அண்ணி சாமானை வைக்கோல் வைத்துக் கட்டுவார். தபால் நிலையத்தில் நான் வி.பி.பி. பார்சலாகப் போடுவேன். வாங்குகிறவர் தபால்காரரிடம் பணத்தைக் கட்டினால் அது மணியார்டராக அண்ணி பேருக்கே வந்துவிடும். நடுவில் என் கை எங்குமே படாது. அப்படியும் தபால் நிலையத்துக்குத் தனியாகப் போய், கொழுந்தன் எத்தனை பார்சல் போட்டான் என்று விசாரித்திருக்கிறார். அங்கிருந்தவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயிலில் அலைந்தது யாருக்காக என்று மனம் கொதித்தது.

அந்தச் சமயத்தில்தான் சித்தூரிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. இடுப்புயர வேல். அதுவரை வந்ததிலேயே பெரியது அதுதான். கேள்விக்கு நேராக 'வீட்டுக்கு' என்று இருந்தது. பார்த்ததும் எனக்குச் சபலம் தட்டியது. அதை 'வேண்டுதலுக்கு' என்று மாற்றி அச்செடுத்து அண்ணியிடம் கொடுத்து, கேட்காமல் அனுப்பினால் கடைக்கு லாபம். கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார்கள். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தார். வீட்டில் இவ்வளவு பெரிய வேல் வைப்பது வழக்கமில்லை அம்மா, சின்னதாக அனுப்பட்டுமா என்றேன்.

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "கேட்டுட்டியே நைனா. நீ கேக்காமலே அனுப்பிடுவன்னு அக்கா சொல்லிச்சு."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அண்ணியின் தங்கை. தன் மாமனார் பெயரில் ஆர்டர் போட்டிருந்ததால் எனக்குப் பிடிபடவில்லை. பூத்தைவிட்டு நேராகக் கடைக்கு நடந்தேன். அண்ணி முற்றத்தில் உட்கார்ந்து ஒரு பழைய வேலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை சோதிச்சீங்களா அண்ணி?"

"ஆங். சோதிச்சேன்." தலை நிமிரவில்லை.

"நான் கடைய புடுங்கிக்குவேன்னு பயமா? சொல்லிடுங்க. இன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போயிடறேன்."

தேய்ப்பதை நிறுத்தினார். "உங்க அண்ணன் அன்னிக்கி நெஞ்ச புடிச்சிகினு உக்காந்தாரு. இன்னாங்க பண்ணுதுன்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல, வாய்வுன்னாரு. ஒரு தடவதான் கேட்டேன் தம்பி. நம்பிட்டு, சோறு வடிக்க உள்ள போயிட்டேன். வடிச்சிட்டு வர்றதுக்குள்ள…" சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "அதுலேர்ந்து யாரு இன்னா சொன்னாலும் ரெண்டாவது வாட்டி கேக்காம எனக்கு ஆவறதில்ல. உன்மேல கோவம் இல்ல" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

கடை பிழைத்துக்கொண்டது. இப்போது அண்ணியின் பெண்தான் எல்லாவற்றையும் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறாள். நான் சென்னைக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணி காலையில் அழைத்து உடம்பு எப்படி என்று கேட்பார். நன்றாக இருக்கிறேன் என்பேன். வைக்கமாட்டார். "நெஜமா?" என்பார். அதற்கும் ஆமாம் என்று சொல்லிப் பழகியிருந்தேன். போன வாரம் அவர் இரண்டாவது முறை கேட்டபோது, முந்தைய நாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைத்ததைச் சொன்னேன். என் மனைவிக்குக்கூட அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை.