இணைச்சீர் செய்த தங்கச்சி

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இன்று கோவையில் ஓர் ஆய்வகத்தில் மனநோய்களின் மரபணுக்களை ஆராய்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையில் செய்த தவறும் ஒன்று உண்டு.

வேலையில் சேர்ந்த புதிது. அவிநாசி பக்கம் ஒரு தோட்டத்து வீடு. அந்த வீட்டுப் பையனுக்கு மனச்சிதைவு. பிளட் சாம்பிள் எடுக்கும் முன், குடும்பத்தில் யார் யாருக்கு நோய் என்று காட்டும் பெடிகிரி சார்ட் போட வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்லீங்க" என்றார் பையனின் அப்பா பழனிசாமி.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் இணைச்சீர் என்ற சடங்கைச் செய்வாள். "உங்க கல்யாணத்துல இணைச்சீர் யாருங்க செஞ்சாங்க?" என்று கேட்டேன். சமையலறையிலிருந்து அவர் மனைவி பதில் சொன்னார்.

"அவரு தங்கச்சி சரசுதானுங்க. பொடக்காளியில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்குது. அதுக்கும் பையனுக்குத் தர்ற இதே மாத்திரைதானுங்க."

கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் ஒரு வட்டம் போட்டு, அவர் கண்ணெதிரிலேயே கறுப்படித்தேன்.

"படிச்ச புள்ள இப்படிக் கரி பூசலாமுங்களா?" என்றார் பழனிசாமி. "அவளாலதான் பையனுக்கு வந்துச்சுன்னு சொல்லிப்போட்டா அவ தாங்கமாட்டாளுங்க. நீங்க கெளம்புங்க அம்மணி."

ஃபைலை மூடப்போனேன். அதற்குள் சரசு அக்கா வீட்டுக்குப் பின்னாலிருந்த பொடக்காளியிலிருந்து வந்து, ஈரக்கையோடு பின்வாசலில் நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"இதுல நா எது கண்ணு?"

காட்டினேன்.

"கீழ கறுப்பா இருக்கறது நம்ம பையனா? அப்ப என்னாலதான் அவனுக்கு வந்துச்சா?"

"இல்லீங்க அக்கா. ஒருத்தரால வர்றதில்லீங்க. அப்பா வழி, அம்மா வழின்னு ரெண்டுலயும் இருந்து எத்தனையோ ஜீன் கொஞ்சங்கொஞ்சமாச் சேருது. வேற காரணமும் இருக்குது. எங்களுக்கே முழுசாத் தெரியாதுங்க, அதத் தேடித்தான் வந்தேன். உங்களக் கேக்காம கறுப்படிச்சது என்னோட தப்புங்க."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டயாண்ணா? இதுக்குத்தான் ஆளு வந்தா என்னையப் பொடக்காளிக்குத் தொரத்துனயாக்கும்."

சாம்பிள் எதற்கு, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், வைத்தியம் எப்போதும்போல நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா யோசித்துத் தலையாட்டினார். ஒப்புதல் படிவத்தை எடுத்து வைத்தேன். பழக்கதோஷத்தில் பழனிசாமி பேனாவுக்குக் கை நீட்டினார். அக்கா முந்திக்கொண்டார்.

"ரத்தம் என்னோடது. நாந்தான கையெழுத்துப் போடோணும்?"

"ஆமாங்க அக்கா."

எழுத்துக் கூட்டி முழுப் பெயரையும் எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கான இடத்தை விரலால் தொட்டு, "நீ இங்க போடண்ணா" என்றார். அவர் போட்டார்.

இப்போதெல்லாம் வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் உட்காரவைத்து, அவரவரைக் கேட்டுத்தான் சார்ட் போடுகிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனால் என் சார்ட்டுகளில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள்.