துரைக்கு நேர்ந்துவிட்ட தலை

எங்கள் பக்கம் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. போதாதென்று, அணை கட்டிப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொடுத்த வெள்ளைக்காரத் துரையையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டோம். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் அவருக்குச் சிலை இருக்கிறது. தைப்பொங்கலன்று மாலை, சூடம், கரும்பு எல்லாம் உண்டு.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது தம்பி கைக்குழந்தை. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை; அழுதால் உதடு நீலம் பாரித்துவிடும். மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் அத்தை அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“மூத்ததத் தொரைக்கு நேந்துவிட்டாச்சுல்லண்ணே. சின்னவனுக்கு இனி ஒண்ணும் வராது. அவுக கைவிட மாட்டாக.”

நேர்ந்துவிடுவது என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட எங்கள் கிடா வருஷம் முழுக்க ராஜா மாதிரி மேய்ந்தது. கோயிலில் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கிடா தலையைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலிர்க்கிறவரைக்கும் வெட்ட மாட்டார்கள்.

மறுநாள் எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கழுத்தில் மாலையும் போட்டார்கள். கிடாவுக்கும் மாலைதான் போட்டார்கள்.

சிலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். வெள்ளைக்காரர் என்றார்கள், முகம் கறுப்பாக இருந்தது. மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களின் உறுமல் தரைவழியாக என் உடம்புக்குள் ஏறியது. அது துரையின் தொண்டையிலிருந்து வருகிறது என்றே நினைத்தேன். அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மொட்டை போடுகிறவர் ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் கத்தியுமாக வந்தார்.

உச்சந்தலையில் தண்ணீர் விழுந்தது. காதுக்குள் இறங்கியது, முதுகில் ஓடியது. செத்தாலும் ஆட்ட மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“நல்ல புள்ள. எப்படி அசையாம உக்காந்திருக்கு பாருங்க” என்றார் அவர்.

தெறித்த துளி பட்டுத் தம்பி தலையைச் சிலிர்த்தான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த உறுமல் சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். துரை என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் அம்மாவின் மடிமேல் இருந்தது.

என் முடி மட்டும்தான் போயிற்று. தலை தப்பியதே என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை சந்தனம் பூசிய மொட்டையைத் தடவிக்கொண்டு வந்தேன். ஆபரேஷன் நாள் வருவதற்குள் தம்பி போய்விட்டான்.

அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அழவில்லை.

“ஒன்னயத்தான நேந்தேன் ஆத்தா” என்றாள், மெதுவாக. “அவுகளுக்கு நம்ம பேச்சு வெளங்காமப் போச்சோ என்னமோ.”

நான் அப்படியே தூங்கிப்போனேன். அவள் சொன்னது என் முடியையா, என்னையா என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.