முழங்காலுக்கு விட்ட எண்ணெய்

காலை ஆறே காலுக்கு மெர்வ் டிங்கிள் மண்டியிட்டிருக்கிறார். புல்லில் பந்துருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் புல்தரை ஓரத்தில், மடித்த கம்பளத் துண்டின் மேல், தேய்ந்து பாதியாகிப்போன வெண்ணெய்க் கத்தியோடு. களையை வேரோடு நெம்பி வாளியில் போடுகிறார். மருந்தடித்தால் ஒரு மணி நேர வேலை. இவருக்கு வாரம் முழுக்க ஆகிறது. "மருந்தடிச்சா களை சாகும், கூடவே புல்லும் அரை உசுராயிடும்" என்பார். பந்து உருள்கிற தரையில் கடுகளவு மேடு இருந்தாலும், மதியம் ஆட வருகிற கிழவர்களும் கிழவிகளும் தாங்கள் தோற்றதற்கு அதைத்தான் காரணம் சொல்வார்கள். அந்தச் சாக்கை அவர்களுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் மனிதருக்கு ஒரு வன்மமே உண்டு.

வயது எழுபத்திரண்டு. கரும்பாலையில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். உருளைகளுக்கு அடியில் குந்தியும் தவழ்ந்தும் போன வருடங்கள் எல்லாம் இப்போது முழங்கால்களில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு இருக்கிறது. பதினொரு வருடத்துக்கு முன்பு டவுன்ஸ்வில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வைத்தது. கிளப் அமைதியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் அதன் டிக் டிக் கேட்கும். கிளப் செயலாளர் ஜாய்லின், "முட்டை வேகவெக்கணும்னா கடிகாரம் வேண்டாம், மெர்வைக் கூப்பிட்டு அடுப்புகிட்ட உக்காரவெச்சாப் போதும்" என்று புது உறுப்பினர்களிடம் அறிமுகப்படுத்துவாள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "மோசமில்ல." மழை சரியாகப் பெய்தாலும் மோசமில்லை, வால்வு கெட்டு மூச்சு வாங்க முடியாமல் ஆலைத் தரையில் கிடந்தபோதும் ஆம்புலன்ஸ்காரரிடம் அதையேதான் சொன்னாராம். அதற்கு முன் கையிலிருந்த வெல்டிங்கை முடித்துவிட்டுத்தான் படுத்தார் என்பதை ஊரே சொல்லும்.

இன்னொன்றையும் ஊர் சொல்லும். எண்பதுகளில் யாரோ பல்சக்கரப் பெட்டிக்குள் ஸ்பானரை மறந்துவிட்டு மூடியதில் ஆலை ஒன்றரை நாள் நின்றுபோனது. பேரைச் சொல்கிறவரை யாருக்கும் வேலை கிடையாது என்று மேஸ்திரி கேட்டைச் சாத்தினார். மெர்வுக்கு ஆள் யாரென்று தெரியும். மூன்று நாள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். மேஸ்திரி செத்துப் பதினைந்து வருடமாகிறது. இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டார். "போட்டுக்கொடுக்கறவன் கூட உக்காந்து எவன் சாப்பிடுவான்?"

உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். இவருக்கு வார்ஃபரின். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் எங்காவது கசிய ஆரம்பிக்கும். மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்து, அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று ஓர் எண் சொல்வார்கள். இவருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். பதினொரு வருடமாக நின்றது. அதற்காக அவர் வாழ்ந்த வாழ்க்கை ஒரு தவம் என்றே சொல்லலாம். கீரை வியாழக்கிழமை மட்டும், அதுவும் அதே ஒரு கிண்ணம். பியர் சனிக்கிழமை இரண்டு, மூன்றாவதை யார் வாங்கிக் கொடுத்தாலும் தொட மாட்டார். கிறிஸ்துமஸ் விருந்தில் ஜாய்லின் நீட்டிய சிவப்புப் பழச்சாற்றை, "அது மாத்திரையோட சண்டை போடும்" என்று விலக்கிவைத்தார். ரத்தத்தோடு எது சண்டை போடும் என்று இந்த ஊரில் அவரைப்போல் தெரிந்தவர் கிடையாது.

அப்படிப்பட்டவருக்குத்தான் இது நடந்தது.

முழங்கால் வலி போன மழைக்காலத்தில் முற்றியது. மண்டியிட்டால் எழ முடியவில்லை; வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பார். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வீக்கம் குறைக்கிற மாத்திரைகளைத் தொடக்கூடாது, வெறும் பாரசிட்டமால்தான். அது பாதி வலிக்குக்கூடப் போதவில்லை. அப்போதுதான் சில்வியோ வந்தான்.

சில்வியோ ஜாய்லினின் தம்பி. நகருக்கு வெளியே கரும்பு போட்டிருக்கிறான். வாழை வரிசைக்குப் பின்னால் ஆறு செடி வளர்க்கிறான் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதிலிருந்து ஆலிவ் எண்ணெயில் மெதுவாகக் கொதிக்கவைத்து எடுத்த சாற்றை ஒரு சின்னக் குப்பியில் கொண்டுவந்து மெர்வின் வாளிக்குள் போட்டான்.

"நாக்குக்கு அடியில விடு. காலைல ஒரு துளிசொட்டி நெறைய, ராத்திரி ஒண்ணு."

"நான் கஞ்சாவெல்லாம் தொடறதில்ல சில்வியோ."

"யோவ், இது போதை ஏத்தற ஜாதி இல்ல. சி.பி.டி. மூட்டு வலிக்குன்னே இருக்கறது. டாக்டர் சீட்டோட கடையில விக்கறதுதான், நான் சீட்டு இல்லாம செய்யறேன், அவ்வளவுதான் வித்தியாசம். யாருகிட்டயும் மூச்சு விடாத. மாட்டினா துப்பாக்கி லைசென்ஸைப் புடுங்கிடுவானுங்க. அப்புறம் காட்டுப்பன்னி என் கரும்பைத் தின்னுட்டு எனக்கு நன்றி கடிதம் எழுதும். முக்கியமா எங்கக்காகிட்ட சொல்லாத. போலீஸ் பரவாயில்ல."

பத்து நாளில் மெர்வ் வேலியைப் பிடிக்காமல் எழுந்தார். இரண்டு வாரத்தில் அளவை இரட்டிப்பாக்கினார். ஃபிட்டர் மூளை அவருக்கு. எந்த மூட்டுக்கு எண்ணெய் விடுகிறோமோ அந்த மூட்டில்தான் அது நிற்கும். கப்பிக்கு விட்ட எண்ணெய் கொதிகலனுக்குப் போகாது. முழங்கால் வேறு, ரத்தம் வேறு. பழச்சாற்றின் மேல் பதினொரு வருடம் சந்தேகப்பட்டவர், நாக்குக்கு அடியில் விட்ட எண்ணெய் எந்த வழியாக முழங்காலுக்குப் போகும் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கவில்லை.

சந்தோஷம் வாயை அடக்கவிடாது. ஜாய்லினுக்கு இடுப்பு மூட்டு போய்விட்டது; நாற்காலியிலிருந்து எழும்போது வீட்டு மொழியான இத்தாலியனில் எல்லாப் புனிதர்களையும் திட்டுவாள். இரண்டு வாரத்துக்கு முன்பு மெர்வ் தன் குப்பியில் பாதியை அவளுடைய காலி வெனிலா எசன்ஸ் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். "யாரு கொடுத்தான்னு கேக்காத." அவள் கேட்கவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் கிளப் வராந்தாவில் உட்கார்ந்து கன்றிப்போன இடங்களை ஒப்பிட்டார்கள். மெர்வின் தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கை அகலம்; ஜாய்லினின் முன்கையில் அதைவிடக் கறுப்பாக ஒன்று.

"நாய் சங்கிலிய இழுத்துச்சு," என்றாள். "என்னுது பெருசா உன்னுது பெருசா?"

"உன்னுதுதான். ஆனா எனக்குத் தொடையில நாலு இருக்கு, எல்லாத்தையும் காட்ட முடியாது."

"கடவுளுக்கு நன்றி."

சிரித்தார்கள். காலையில் களைக்கத்தி பட்ட விரலில் மெர்வ் சுற்றியிருந்த காகிதத் துண்டு மூன்றாவது முறையாக நனைந்திருந்தது. அதைப் பார்த்தும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மாதாந்தர ரத்தம் கொடுத்தார். மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ரத்தம் எடுக்கிற நர்ஸ் லொரெல்.

"செல்லம், உக்காந்துட்டிருக்கியா?"

"ஆடிட்டிருக்கேன். என்னா?"

"பந்தைக் கீழ வெச்சுடு. உன் நம்பர் எட்டுப் புள்ளி ஒன்பது."

 பக்கத்தில் நின்றவர்களுக்கு அவர் நெஞ்சின் டிக் டிக் கேட்டது.

"குழாய் மாறியிருக்கும்," என்றார் கடைசியில். "வேற எவனோடதோ."

"ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டாங்க. காரைத் தொடாத. யாரையாவது கொண்டுவந்து விடச் சொல்லு. வழியில எங்கயும் இடிச்சுக்காத, செல்லம். தலைய முக்கியமா."

அவர் பந்தைக் கீழே வைத்த விதத்தைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்: முட்டையை வைப்பதுபோல வைத்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவை யாருடையவை என்று தெரியாதவர்போல.

ஊர் ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில். டாக்டர் மெலே டோங்கா தீவுக்காரர், வந்து எட்டு மாதமாகிறது. தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், தொடையிலிருந்த கன்றல்களை விரலால் அளந்தார்.

"மெர்வ், பதினொரு வருஷமா மூணுல நின்ன நம்பர் தானா ஒன்பதுக்குப் போகாது. புதுசா என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஆன்டிபயாட்டிக்? மூலிகை? யாராவது கொடுத்த ஏதாவது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். மோசமில்லாமதான் இருக்கேன்."

குப்பி சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் கை அதன் மேலேயே இருந்தது. நெஞ்சு வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று கையை எடுத்துவிட்டார்.

"நான் சொல்றதைக் கேளுங்க. மாத்திரைய நிறுத்தறேன். ரொம்ப நிறுத்தினா வால்வுல கட்டி வரும். கட்டி மூளைக்குப் போகும். நிறுத்தலைன்னா எங்க கசியும்னு எனக்குத் தெரியாது. நடுவுல ஒரு கயிறு மேல உங்களை நடக்கவெக்கணும். எது ஏத்திவிட்டுச்சுன்னு தெரியாம நான் கண்ணைக் கட்டிக்கிட்டுக் கயிறு புடிக்கணுமா?"

மெர்வ் சுவரில் இருந்த தீயணைப்பான் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கேட்டுக்கு வெளியே நின்ற முகம் அதுதான். உயிர் போகிற காரியம் என்று அவருக்குப் புரியாமலில்லை. தன் உயிர் தன்னுடையது. அதைக் காப்பாற்றிக்கொள்ளச் சில்வியோவின் பெயரை விற்க அவர் தயாராக இல்லை.

டாக்டர் மெலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்தது.

"எங்க தீவுல ஒருத்தர் வீட்டு மருந்து காலைல நல்லாருக்குன்னா சாயங்காலம் பத்து வீட்டுல இருக்கும். நீங்க வாங்கினதை யாருக்காவது கொடுத்தீங்களா? அவங்களும் ரத்தத்தை நீர்க்கவெக்கற மாத்திரை சாப்பிடறவங்களா? புது மாத்திரைகளுக்கு மாசாமாசம் நம்பர் பாக்கற வழக்கமே இல்ல, மெர்வ். உங்களுக்கு லொரெல் போன் பண்ணினா. அவங்களுக்கு யாரும் பண்ண மாட்டாங்க."

மெர்வ் டாக்டர் பக்கம் திரும்பினார்.  ஜாய்லினுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது. இரண்டு வருடமாகக் காலையும் மாலையும், ரத்தம் உறையாமலிருக்க, ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை. "உன்னை மாதிரி மாசாமாசம் ஊசி குத்திக்கத் தேவையில்ல, என்னுது புது மாடல்" என்று அவரைச் சீண்டுவாள். கறுத்துப்போன அந்த முன்கை. நாய் சங்கிலி. என்னுது பெருசா உன்னுது பெருசா.

"போனு," என்றார். "என் போனை எடுத்துக் குடுங்க."

மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் கத்தி பலகையில் படுகிற சத்தம்.

"சாகலையா இன்னும்? உன் டீம் தோத்துப்போச்சு, தெரியுமா?"

"ஜாய்லின், என்னா பண்ற?"

"பூசணிக்கா வெட்டறேன். ஏன்?"

"கத்திய வெச்சுடு."

"என்னாது?"

"கத்திய வெச்சுட்டு உக்காரு. நான் குடுத்த எண்ணெய் இன்னிக்கு வேண்டாம். என்னிக்கும் வேண்டாம். அது முழங்காலோட நிக்கல, எல்லா இடத்துக்கும் போகுது. மாத்திரைய நீயா நிறுத்தாத, அதையும் டாக்டர்தான் சொல்லணும். தரைய ஈரமா வெச்சிருக்கியா? நடக்காத. ஆள் அனுப்பறேன்."

அந்தப் பக்கம் கத்தியைக் கீழே வைக்கிற சத்தம். "மெர்வு," என்றாள் ஜாய்லின், கேலியில்லாத குரலில். "காலைலருந்து பல்லு ஈறுல ரத்தம் வந்துட்டே இருக்கு. பிரஷ் புதுசுன்னு நெனச்சேன்."

போனை டாக்டர் மெலே வாங்கிக்கொண்டார். தலை சுற்றுகிறதா, எங்காவது விழுந்தாளா, எத்தனை மணிக்கு மாத்திரை என்று கேட்டார். ஆம்புலன்ஸை அனுப்பச் சொல்லி வாசலைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு மெர்வ் பக்கம் திரும்பினார். மெர்வ் கட்டிலில் நெட்டுக்குத்தலாக உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"சி.பி.டி.," என்றார் அவர். "ஆலிவ் எண்ணெயில. காலைல ரெண்டு துளிசொட்டி, ராத்திரி ரெண்டு. நாலு வாரம். மொத ரெண்டு வாரம் ஒண்ணொண்ணுதான். அவளுக்கு ரெண்டு வாரம், எவ்வளவுன்னு தெரியாது, அவ எதையும் அளந்து செய்யறவ இல்ல."

"நல்லது. அந்த மாத்திரையக் கரைச்சு வெளியேத்தற வேலைய உங்க ஈரல் செய்யுது. இந்த எண்ணெய் ஈரலோட கையப் புடிச்சுக்குச்சு. மாத்திரை உள்ளயே சேந்துபோச்சு. இப்ப எனக்கு வழி தெரியும்." டாக்டர் எழுதிக்கொண்டே கையை நீட்டினார். "குப்பி வேணும். உள்ள எவ்வளவு காரமா இருக்குன்னு பாக்கணும்."

மெர்வ் சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தார். பாதி தூரம் நீட்டிவிட்டு நிறுத்தினார். குப்பியின் மேல் ஒட்டுக்காகிதம், அதில் ஊரே அடையாளம் கண்டுவிடுகிற சில்வியோவின் கோணல் கையெழுத்தில் நாலைந்து வார்த்தைகள். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மெர்வ் குப்பியை மடியில் சாய்த்து, ரத்தம் கசிந்த காகிதம் சுற்றிய விரலை ஒதுக்கிவைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் அந்த ஒட்டுக்காகிதத்தை ஓரத்திலிருந்து மெல்ல, கிழியாமல், வேரோடு உரித்தெடுத்தார். அதை நான்காக மடித்து வாய்க்குள் போட்டு மென்றார். பிறகு குப்பியை டாக்டர் கையில் வைத்தார்.