டீ பேக் தோட்டா

என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது கைப்பேசியில்தான். எந்த நாடோ தெரியவில்லை, தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் பழங்காலத்துத் துப்பாக்கிக்கு ஈயக் குண்டு வார்க்கிறார். ஒவ்வொரு குண்டுக்கும் மெல்லிய காகிதத்தை நனைத்துச் சுற்றி, குழந்தைக்குத் துணி கட்டுவது போல மடித்து, காயவைத்துச் சுடுகிறார். சுட்டதும் அவரே தெரியாத அளவுக்குப் புகை. இதை இவர் சாப்பிடும்போது பார்ப்பார், நான் பேசும்போதும் பார்ப்பார்.

ஒரு நாள், "எல்லாம் அந்தக் கருப்பு மருந்துலதான் இருக்கு" என்றார். தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த மருந்து இரண்டே: செடிக்கு அடிப்பது, ஆஸ்பத்திரியில் கொடுப்பது. இவருக்கு முட்டிவலி வேறு இருந்ததால், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். அது வெடிமருந்து என்று அவர் விளக்குவதற்குள், ஒட்டுச்சுவர் வழியாகக் கேட்ட பக்கத்து வீட்டம்மா தன் முட்டிக்கும் கொஞ்சம் கேட்டு ஒரு காலிப் போத்தலைக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும். பார்ப்பதோடு சரி என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் மலைக்குக் கீழே ஈப்போ டவுனிலிருந்து மகள் போன் செய்தாள். முழுகாமல் இருக்கிறாள். தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. குரலே கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வேற ஒண்ணும் எறங்க மாட்டேங்குதும்மா. நம்ம மரத்துத் தக்காளி சட்னி மட்டும் செஞ்சு வைங்க, ஞாயித்துக்கெழம வரோம்" என்றாள். மரமாக வளர்ந்து காய்க்கும் இந்த மரத்தக்காளியைப் பிரிஞ்சாங்கில் இரவுச் சந்தை போடும் பாசார் மாலாமில் வாங்கலாம்தான். ஆனால் அவள் கேட்டது, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் அவளே நட்டு வைத்த மரத்தின் காயை. அந்த மரத்தில் அப்போது சிவந்துகொண்டிருந்தது ஒரே ஒரு கொத்து.

அந்தக் கொத்தைக் குரங்குகளும் பார்த்துவிட்டன. தேயிலைச் சரிவிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வந்து வேலியில் உட்கார்ந்துகொள்ளும். தகரத்தைத் தட்டினால் தாளம் கேட்பது போலக் கேட்கும். கல்லெறிந்தால் விலகி, மறுபடி அதே இடத்தில் உட்காரும். பறித்து வைத்துவிடலாமென்றால், காயாகப் பறித்தால் துவர்க்கும்.

வீட்டுக்காரர் மூங்கிலை வெட்டிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் எல்லோரும் செய்த விளையாட்டுத் துப்பாக்கிதான். குழாயின் இரண்டு முனையிலும் குண்டை அடைத்து, பின்னாலிருந்து குச்சியால் தள்ளினால் காற்று நெருக்கி முன்குண்டு டப்பென்று பறக்கும். இவருடையதோ ஆள் நீளம். குச்சிக்குப் பதில் என் துடைப்பக்கட்டை. அதை வயிற்றில் முட்டுக்கொடுத்துத் தள்ளுவார். குண்டு போகாமல் இவர் மட்டும் பின்னால் போனதை நான் பலமுறை பார்த்தேன்.

குண்டு குழாயில் இறுக்கமாக உட்காரவில்லை, காற்று கசிகிறது என்றார். "அந்த வெள்ளைக்காரன் சும்மாவா பேப்பர் சுத்துறான்?" என்று கேட்டுவிட்டு, காகிதம் தேட ஆரம்பித்தார். சமையலுக்கு வைத்திருந்த சின்ன உருளைக்கிழங்கில் செய்தித்தாளைச் சுற்றினார், தடிப்பு. பிறகு சாமிப்படக் காலண்டரில் தாள் கிழித்தார். நடந்து முடிந்த நாளைக் கிழித்தால் பரவாயில்லை, வரப்போகிற நாளைக் கிழித்திருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த வாரம் வெள்ளிக்கு அடுத்து ஞாயிறு வந்தது. நானும் அதை நம்பி விடிந்ததும் மசாலா அரைத்து, மகள் எங்கே என்று போன் செய்தால், "இன்னிக்கு சனிக்கெழமம்மா" என்கிறாள். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த அர்ச்சனை லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

வாங்கிக் கட்டிக்கொண்டவர் பீரோவைத் திறந்தார். அவர் வேலை பார்ப்பது தேயிலைத் தொழிற்சாலையில், பாக்கெட் போடும் பகுதி. டீ பேக் தைக்கும் மெஷினில் மிஞ்சுகிற துண்டுக் காகிதம் வீட்டில் கிடந்தது. நனைத்தாலும் கிழியாது, மெல்லிசு. உருளைக்கிழங்குக்கு நான் தடை போட்டிருந்ததால், வடிகட்டியிலிருந்த டீச்சக்கையைப் பிழிந்து உருட்டி, அந்தக் காகிதத்தில் சுற்றிப் பார்த்தார். குழாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. உலகத்தில் யாருமே செய்யாததைச் செய்துவிட்ட முகத்தோடு என்னிடம் நீட்டினார். அவ்வளவு பாடுபட்டு மனிதர் கண்டுபிடித்தது டீ பேக்.

உண்மையான ஞாயிறு விடிந்தது. கொத்து நன்றாகப் பழுத்திருந்தது. நான் கூடையோடு பின்பக்கம் போனால், வேலி முழுக்கக் குரங்கு. பெரியது மரத்திலேயே ஏறி, கொத்துக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகள் கிளம்பிவிட்டாள், மலைப்பாதையில் வாந்தியெடுத்துக்கொண்டு வருவாள், நான் எதைக் கொடுப்பேன்?

வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டி, குறி பார்த்து, வயிற்றால் தள்ளினார். டப். குரங்குக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை, குழாய் முனையிலிருந்து முருங்கைக்காய் நீளம் தள்ளிக் குண்டு தரையில் விழுந்தது. அடுத்தது வேலியோரம். அதற்கடுத்தது எங்கள் வீட்டுக் கூரையில்.

ஆனால் குரங்குகள் கீழே இறங்கின. சுற்றுலா வருகிறவர்கள் ரோட்டோரம் எறிகிற பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்துப் பழகிய குரங்குகள் அவை. காகிதத்தில் சுற்றியது எதுவானாலும் தின்பண்டம். மரத்திலிருந்த பெரியதும் குதித்து வந்து, குண்டைப் பறித்துக்கொண்டு உட்கார்ந்து, பக்குவமாகக் காகிதத்தைப் பிரித்தது. அந்த நேரத்தில் நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் கொத்தோடு ஒடித்துக் கூடையில் போட்டேன். பெரியது டீச்சக்கையை நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, திருப்பி எறிந்தது. அது வீட்டுக்காரர் நெற்றியில் சரியாகப் பட்டது.

மகள் மத்தியானம் மாப்பிள்ளையோடு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். சட்னியைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய், இன்னொரு வாய் என்று சாப்பிட்டு, தட்டை வழித்து, இன்னும் கேட்டாள். வாந்தி வரவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் மூச்சே வந்தது. இவர் மாப்பிள்ளையிடம் தோட்டா, காகிதம், காற்றழுத்தம் என்று அளந்துகொண்டிருந்தார். குரங்கின் மேல் பட்டதா என்று மாப்பிள்ளை கேட்டார்.

"பட்டுச்சான்னு கேக்காதீங்க மாப்பிள்ளை. கொத்து மிஞ்சிச்சா இல்லியா லா?" என்றார், நெற்றியைத் தடவிக்கொண்டே.

மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்தால் குரங்குகள் வேலியில் வரிசையாக இருந்தன. மரத்தைப் பார்க்கவில்லை, எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேல்கிளையில் அடுத்த கொத்து அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. மகள் அடுத்த மாதமும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டீ பேக் காகிதத்தை வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன்.