துரை பிடித்த கை

செல்வத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய கடிதத்தை நான் திருடினேன். திருடி, என் சொந்தத் தம்பிக்குக் கொடுத்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

டுசல்டோர்ஃபில் ஓர் ஆங்கிலேய முதியவருக்குப் பணிவிடை செய்துவந்தேன். பாட்டனார் மந்திரி, தகப்பனார் ஆளுநர், தமையனார் பிரபுக்கள் சபையில். இவர் ஓய்வுபெற்ற தூதர். சுவர் நிறையப் பதக்கம் அணிந்த முன்னோர்கள். ஒருவர் முகத்திலாவது சிரிப்பு இருக்கவேண்டுமே! நாங்கள் அவரைத் துரை என்போம்.

ஒரு மாசி மாதம், துரை வாசற்படியில் பனி வழுக்கி விழுந்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். என்னைத் தேடி வந்த செல்வம்தான் அவரைத் தூக்கி, அம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்தபடி இருந்தான். செல்வம் என் அறைத்தோழன். அகதி மனு தள்ளுபடியானவன்.

"அந்தப் பிள்ளைக்காக நான் எழுதுகிறேன்" என்றார் துரை. மனுக்களை மறுபடி பார்க்கும் குழுவில் அவருடைய பழைய ஜெர்மன் சிநேகிதர் ஒருவர் இருந்தார். ஆனால் அந்தக் குடும்பத்துக்கென்று வழக்கங்கள் உண்டு. கூட இருந்து தேநீர் குடிக்காத ஒருவருக்காக எழுதமாட்டார்கள். ஒரு சிநேகிதரிடம் ஒரே ஒரு முறைதான் உதவி கேட்பார்கள்.

ஒரே ஒரு முறை... என் தம்பியின் மனுவும் அந்தக் கிழமைதான் தள்ளுபடியாகியிருந்தது. "அண்ணை, திரும்பிப் போக என்னால ஏலாது" என்று அழுதான்.

துரைக்குக் கண் மங்கல். நான் தம்பியைக் கூட்டிப்போனேன்.

"என்னைத் தூக்கியவர் இவரா?"

"ஆம், ஐயா."

அவ்வளவுதான்.

துரை தம்பியின் வலக்கையைப் பற்றி விரல் விரலாகத் தடவினார். அப்போதுதான் நினைவு வந்தது: செல்வத்தின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஷெல் கொண்டுபோனவை. அதை எப்படி மறந்தேன்? தினமும் அவனோடு ஒரே சட்டியில் சோறு தின்றவன் நான்!

துரை எதுவும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றச் சொன்னார். தம்பியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

செல்வத்திடம், "துரைக்கு எழுத ஏலாதாம்" என்றேன். நம்பினான்.

அவனை நாட்டுக்குத் திருப்பி அனுப்பிய அன்று விமான நிலையத்திலிருந்து தொலைபேசியில் பேசினான். "அண்ணை, துரையைச் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்கோ. பனிக்குள்ளை கவனமா நடக்கச் சொல்லுங்கோ." ஊரில் யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம்.

செல்வம் சொன்னதைத் துரையிடம் அப்படியே சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"மேசையில் இருக்கும் விருந்தாளியைப் பொய்யன் என்று சொல்வது எங்கள் வீட்டில் இல்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டும்."

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கடைசிவரை மரியாதையாகவே பேசினார். ஒருநாளாவது ஏசியிருக்கலாமே!

செல்வத்தை வவுனியாவில் பிடித்துப்போனார்களாம். பிறகு ஒரு தகவலும் இல்லை. தம்பியின் மகள் இங்கே பாலர் பாடசாலைக்குப் போகிறாள். அவளைத் தூக்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது... அதுதான் இன்னும் கேவலம்.

மாதம் ஒருமுறை செல்வத்தின் தாய் தொலைபேசியில் வருகிறா. "தம்பி, அந்தத் துரை பெரிய இடத்து ஆளெல்லே. என்ர பிள்ளை எங்க எண்டு ஒருக்கா விசாரிக்கச் சொல்லுங்கோவன்."

துரை இறந்து இரண்டு வருடமாகிறது.

"ஓம் அம்மா, சொல்லுறன்" என்கிறேன்.