நான் ரை குடித்த காலம்

ரை இருக்கிறதா என்று கேட்ட மனிதரைப் பாண் அடுக்கியிருந்த தட்டுக்கு அழைத்துச் சென்றேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டன் கிங்ஸ்பரியில், கென்யாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குஜராத்தியின் கடையில் எனக்குப் பகல் வேலை. மதுவோடு பால், பாண், பத்திரிகை எல்லாம் விற்கும் கடை. இந்த நாட்டில் பாண் என்கிற ரொட்டிக்கே பல பெயர்கள். கறுத்து, கனத்து, புளிப்பு மணத்தோடு இருந்த ஒன்றின் உறையில் ரை என்ற எழுத்துகளைப் பார்த்திருந்தேன். அதை எடுத்து நீட்டினேன். எழுபதைத் தொட்டிருந்த அந்தத் தொப்பிக்காரர் பாணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தொண்டை வலியாக்கும் என்று நினைத்து மருந்துக்கடைக்கு வழி சொன்னேன்.

முதலாளி வந்துதான் விளங்கவைத்தார். ஹாரி என்ற அந்த மனிதர் அமெரிக்கர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு வந்து, ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்து, இங்கேயே தங்கியவர். மனைவி இறந்துவிட்டாள். அவர் கேட்டது ரை விஸ்கி. எங்கள் கடையில் ஸ்கொட்ச் ஒரு சுவர் முழுக்க இருந்தது. ரை ஒரு போத்தல்கூட இல்லை. முதலாளி அவருக்காக ஒரு பெட்டி தருவித்தார். அந்தப் போத்தல்களை அப்போது அவரைத் தவிர வேறு யாரும் தொடவில்லை.

வரும்போதெல்லாம் ஹாரி கொஞ்சம் பேசுவார். அவர் சொன்னதில் பாதிதான் எனக்குப் பிடிபடும். மீதியை நூலகத்தில் தேடிப் படித்தேன். ஸ்கொட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்குமாக இரண்டு முறை வேரறுந்து போனவர்கள் பென்சில்வேனியாவின் மலைப்பக்கம் குடியேறினார்கள். ஊரில் பார்லியில் விஸ்கி வடித்துப் பழகிய கைகள். புதிய மண்ணில் பார்லி சரியாக வரவில்லை. ஜெர்மன் அயலவர்கள் விதைத்த ரை என்ற தானியமோ குளிரையும் மெலிந்த நிலத்தையும் தாங்கி நின்றது. அதை வடித்தார்கள். தானியமாக மலை தாண்டிக் கொண்டுபோவதைவிட மதுவாகக் குதிரையில் ஏற்றுவது சுலபம். புதிய அரசாங்கம் அதற்கு வரி போட்டபோது எதிர்த்துக் கிளம்பினார்கள். அரசாங்கம் படையை அனுப்பியது. பின்னர் மதுவிலக்கு வந்து வடிசாலைகளை மூடியது. விலக்கு நீங்கியபோது சனங்களின் நாக்கு இனிப்பான மதுவுக்கு மாறிவிட்டிருந்தது. ரை ஏறக்குறைய அழிந்தேபோனது.

இதையெல்லாம் நான் இவ்வளவு ஆர்வமாகப் படித்ததற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனவியல் ஆசிரியர். வடித்தலை வருடாவருடம் கரும்பலகையில் வரைந்து படிப்பித்தவன். ஏட்டில் அறிந்திருந்தேனே தவிர, மதுவை நாக்கில் வைத்ததில்லை. எண்பதுகளின் கடைசியில், ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு மூன்று வாரம் கழித்து வெளியே வந்தவுடன், மனைவி மலரையும் ஒரு வயது மகளையும் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். மலர் தலையை மட்டும் ஆட்டினாள். அதன்பின் சண்டை மறுபடி மூண்டது. பாதை மூடியது. மாதத்துக்கு ஒன்றாக வந்த கடிதங்கள் அரிதாகி, ஒரு கட்டத்தில் நின்றேபோயின. விமானம் குண்டு போட்டதாகச் செய்தி வரும். எந்த ஊர் என்று வராது. கோயிலில், பஸ்ஸில், எங்கே எங்கள் ஆட்களைக் கண்டாலும் கேட்பேன். அவர்களும் என்னிடம் அதையேதான் கேட்டார்கள்.

கடிதம் நின்று ஐந்தாவது மாதம், ஹாரிக்காக வந்த பெட்டியிலிருந்து ஒரு போத்தலை வாங்கி அறைக்குக் கொண்டுபோனேன். முதல் வாய் மிளகை மென்றதுபோல எரிந்தது. எரிவு அடங்கிய இடத்தில் காய்ந்த வைக்கோலின் மணமும், அதற்கும் பின்னால் மரத்தின் மெல்லிய இனிப்பும் வந்தன. வடிந்த கணத்தில் தண்ணீர்போல் நிறமற்றிருக்கும் அது, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாவில் கிடந்துதான் அந்தச் செம்மண் நிறத்தை எடுக்கிறது. ஸ்கொட்ச் தடவிக்கொடுக்கும் என்பார்கள். ரை அப்படியல்ல, கடிக்கும். எனக்கு அந்தக் கடி தேவைப்பட்டது. அது எரிகிற அந்தக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் எரியவில்லை.

சில வாரங்களில் அறையில் குடிப்பது போதாமல் போயிற்று. கடையின் பின்கட்டில், பெட்டிகளுக்கு நடுவே, சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளையில் ஊற்றிக்கொள்வேன். வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நிற்பேன்.

அப்படி ஒரு மதியம் முதலாளி பின்கட்டுக்கு வந்து, கொழும்பிலிருந்து உனக்குத் தொலைபேசி என்றார். கடை இலக்கத்தை என் பழைய கடிதம் ஒன்றில் எழுதியிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். கடிதம் நின்று ஒன்பது மாதத்துக்குப் பிறகு மலரின் குரல். மகளை மடியில் வைத்துக்கொண்டு கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து, கொழும்புக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். அவர்களுக்கு முன்னால் போன படகில் துப்பாக்கிச் சூடு பட்டதாம். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. நாக்கு தடித்துக் கிடந்தது.

“நீங்கள் குடிச்சிருக்கிறியளோ?”

“இல்லை மலர். தடிமன், மூக்கடைச்சுப் போச்சு.”

“பிள்ளை உங்களோடை கதைக்கவேணும் எண்டு நிண்டவள்,” என்றாள். “பறவாயில்லை. பிறகு கதைக்கட்டும்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அவள் கொழும்பில் எங்கே தங்கியிருக்கிறாள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இரண்டு நாள் அந்தத் தொலைபேசியைவிட்டு நகராமல் நின்றேன். அது எனக்காக மணியடிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது, கனடா முத்திரையோடு. லண்டனுக்கு வர மனுப் போடுவதா, தன் அண்ணன் ஒழுங்கு செய்திருந்த ரொறன்ரோவுக்குப் போவதா என்று என்னிடம் கேட்கத்தான் அன்று தொலைபேசி எடுத்தாளாம். கேட்காமலே முடிவெடுத்துவிட்டாள். திட்டி ஒரு சொல் இல்லை. கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது: “ஒராளைக் காப்பாத்திக் கொண்டுபோக எனக்கு ஏலும். ரெண்டு பேரை ஏலாது.”

அன்று ஹாரி வந்தபோது என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். மனைவியை இழந்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து, என் தோளில் கைவைத்து, தன்னுடையவள் போனபோது எப்படி இருந்தது என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். எவ்வளவு நாளாகப் படுக்கையில் கிடந்தாள் என்று என்னிடம் கேட்டார். அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. முழுசாக உயிரோடு இருக்கும் ஒருத்திக்காக, கடலைக் கடந்து என் பிள்ளையைக் காப்பாற்றிய ஒருத்திக்காக, அனுதாபத்தை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றேன். அந்த இழிவைவிடக் கீழே இறங்க எனக்கு வேறு படி இருக்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தன் உறவினர் ஒருவரின் அச்சகத்தில், ரெய்னர்ஸ் லேனில், எனக்கு வேலை பார்த்துத் தந்தார். குடியை விட்டேன் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். இரண்டு தடவை விழுந்து, மூன்றாம் தடவைதான் எழும்பினேன். ஹாரியிடம் உண்மையைச் சொல்லப் போகவேயில்லை. ரையின் சரித்திரத்தை இன்றும் என்னால் பிழையில்லாமல் சொல்ல முடியும். அதன் மணம் மட்டும் எங்கேயாவது அடித்தால் இடத்தைவிட்டு எழும்பிப் போய்விடுகிறேன்.

நான்கு வருடம் கழித்து, பயணப் பத்திரமும் விசாவும் கிடைத்து ரொறன்ரோவுக்குப் போனேன். மலரே விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். காரை ஓட்டியபடி, வேலையைப் பற்றியும் பனியைப் பற்றியும் சொன்னாள். “மெலிஞ்சு போனியள்,” என்றாள் ஒருமுறை. வீட்டில் என்னை ஓர் அறைக்கு அழைத்துப்போனாள். கட்டிலில் மடித்துவைத்த புதுத் துவாய் ஒன்றும், உறை பிரிக்காத சவர்க்காரமும் இருந்தன. விருந்தாளிகளுக்கு வைப்பதுபோல. குளிச்சிட்டு வாங்கோ, சாப்பிடுவம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் துவாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. திறந்தால் என் மகள். ஒன்பது வயது, மலரின் நெற்றி, என் காது. வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, உள்ளே வரலாமா அப்பா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அது அவளுடைய வீடு. வா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்ல அங்கே நான் யார் என்ற யோசனை வந்தது. அவள் அனுமதிக்காகக் காத்துக்கொண்டு நின்றாள், நானும்தான்.