19:13க்கு ஊற்றிய தேநீர்

சென்ற நாடாளுமன்றத் தேர்தல் அன்று, நோர்வேயில் நாங்கள் இருக்கிற ஹவுகெட்டோவில் நல்ல மழை. என் கணவரும் மகளும் வாக்களிக்க உள்ளே போனார்கள். நான் வாசலில் நின்றேன். கையில் இரண்டு குடைகள், மகளின் முதுகுப்பை, கணவர் பாதி குடித்துவிட்டுத் தந்த கோப்பிக் குவளை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம். நகரசபைத் தேர்தலில் நானும் வாக்களித்திருக்கிறேன். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலுக்குக் குடியுரிமை வேண்டும். அது என்னிடம் இல்லை. பக்கத்தில் நாயோடு நின்ற ஒரு நோர்வேஜியப் பெண், நீங்கள் உள்ளே போகவில்லையா என்று கேட்டார். நான் குடைக்காக வந்தேன் என்றேன். அவர் என்ன விளங்கினாரோ தெரியாது, நாயைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

குடியுரிமை இல்லாததற்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் ஒரு எழுத்தைப் பிழையாகப் போட்டால் இருக்கிற வதிவிட அனுமதியையும் பிடுங்கிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு பயம். கணவர் அந்தக் காலத்திலேயே படிவம் நிரப்பி எடுத்துவிட்டார். நான் இந்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப் போட்டேன். அதற்கிடையில் அதற்கு ஒரு பரீட்சையையும் வைத்துவிட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பரீட்சை என்று காதில் விழுந்தாலே வேறு கதைக்கு மாறிவிடுவேன்.

ஆனாலும் அன்று ஈரச் சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"நான் சோதினை எடுக்கப் போறன்."

"ஆர், நீரோ?" என்றார் கணவர். "றெயில் ரிக்கெற்றை மூண்டு தரம் எடுத்துப் பாக்கிற ஆள். அங்கை ஒரு கேள்வியை எத்தினை தரம் பாப்பீர்?"

"நீங்கள் என்ன, சோதினை எழுதியே எடுத்தனியள்?"

"எங்களைப் பாத்த உடனை அவங்களுக்கு விளங்கினது."

மகள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்து தந்தாள். அதைப் படித்தபோதுதான் இது எவ்வளவு இளைய நாடு என்று தெரிந்தது. 1814இல் அரசியலமைப்பு எழுதினார்கள். எழுதிவிட்டு அதே வருடம் ஸ்வீடன் அரசருக்குக் கீழே போனார்கள். 1905இல்தான் பிரிந்தார்கள். 1913இல் பெண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. "எங்கடை ஊர்ப் பிள்ளையார் கோயில் கேணிக்கு இதைவிட வயசு கூட" என்று கணவர் புத்தகத்தின் மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

1905ஐ அவர் ஒரு கல்யாணத் தரகர் மாதிரித்தான் எனக்குச் சொல்லித் தந்தார்.

"ஸ்வீடனோடை ஒத்து வரேல்லை. அடிபிடி இல்லாமல் விலத்தியாச்சு. பிறகு டென்மார்க்கிலை ஒரு மாப்பிள்ளை பாத்தினம், அரசனாக்க. மாப்பிள்ளை என்ன சொன்னவர்? உங்கடை ஆக்கள் எல்லாருக்கும் சம்மதமோ எண்டு கேட்டுப்போட்டுக் கூப்பிடுங்கோ, வாறன் எண்டவர். நாடு முழுக்க வாக்குப் போட்டினம். கனபேர் ஓம் எண்டினம். மாப்பிள்ளை கப்பலிலை வந்து இறங்கினார்."

"உங்கடை கல்யாணத்துக்கு அம்மாட்டைக் கேட்டவையோ?" என்றாள் மகள்.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றேன்.

"கேட்டிருந்தால் இண்டைக்கும் யோசிச்சுக்கொண்டுதான் இருந்திருப்பா" என்றார் கணவர்.

புத்தகத்தில் இல்லாததையும் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று கண்டுபிடிப்புகளையும் ஒரு கொப்பியில் எழுதினேன். சீஸ் சீவுகிற கரண்டி இவர்களுடையது. அதில் நான் வருடக்கணக்காக வாழைக்காய் சீவுகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டிக்குள் ஐந்தாறு வைத்துக் கொண்டுபோய்ச் சொந்தக்காரருக்கும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் யாரும் சீஸைக் கண்ணால் கண்டதில்லை. பேப்பர் கிளிப்பும் தங்களுடையது என்று இங்கே சிலர் சொல்வார்கள், இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு விடையையும் பாடமாக்கினேன்.

வருடங்கள்தான் தலையில் நிற்கவில்லை. இரவு படித்தது காலையில் இருக்காது. அப்போதுதான் ரயில் எனக்கு உதவிக்கு வந்தது.

நான் திராமன் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில், துணி வெளுக்கிற பகுதியில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து நான் ஏறுகிற ரயில் 18:14க்கு. ஒஸ்லோவில் மாறி ஹவுகெட்டோவில் இறங்கும்போது 19:05. நடந்து வந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது 19:13. ஒருநாள் ரயில் மேடையில் நின்று நேரப்பலகையில் 18:14 எரிவதைப் பார்த்தபோது, நாட்டின் வரலாறு முழுவதும் என் வழியில் கிடப்பது தெரிந்தது. ஏறுவது அரசியலமைப்பு. இறங்குவது சுதந்திரம். வீட்டுக்கு வருவது பெண்கள் வாக்குரிமை. எனக்கு மேனி சிலிர்த்தது.

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து மகள் தொலைபேசியில், "அம்மா, அரசியலமைப்பிலை ஏறியாச்சோ?" என்று எழுதிக் கேட்பாள். கணவர் பஸ் ஓட்டுபவர், அதிகாலை வேலை என்பதால் மாலையில் வீட்டில் இருப்பார். நான் கதவைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாகத் தேநீரை ஊற்றி மேசையில் வைப்பார். "பெண்களுக்கு வாக்குரிமை கிடைச்சிட்டுது. தேத்தண்ணியைக் குடியும்."

இப்படியே எல்லாம் மனதில் நின்றுவிட்டது. பரீட்சை ஒரு டிசம்பர் வியாழக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ரயில் நேர அட்டவணை மாறியது. வருடாவருடம் டிசம்பரில் மாறுவதுதான். என் கவலைகளின் பட்டியலில் அது ஒன்றுதான் இல்லாமல் போயிற்று.

18:14 ரயில் 18:17 ஆகிவிட்டது. ஹவுகெட்டோ 19:08. வீடு 19:16.

"நாடே மூண்டு நிமிசம் பிந்திப் போச்சு" என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் புது இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினால், இறங்க வேண்டிய இடம் தவறிவிடும் என்று திறந்துவிடுவேன். வீட்டுக்கு வந்தால் தேநீர் ஆறியிருந்தது.

"இது பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்கு."

"நான் நேரத்துக்கு ஊத்தினனான். நீர்தான் பிந்தி வாறீர்."

"றெயில் மாறினது உங்களுக்குத் தெரியும்தானே."

"அவங்கள் மாத்துவாங்கள். நான் ஏன் மாத்த வேணும்?"

பரீட்சை நாளில் ஒன்றரை மணி நேரம் முந்திப் போய் நின்றேன். கைப்பையில் மூன்று பேனா. உள்ளே கூப்பிட்டபோது மேசைகளில் கணினிகள். பேனா எதற்கும் தேவையில்லை. மற்றவர்கள் எல்லோரும் என் மகளின் வயதுக்காரர். முதல் கேள்விகள் பாடசாலை, வைத்தியம், வேலைச் சட்டம் பற்றியவை. இருபத்தாறு வருடம் வாழ்ந்ததே விடை சொன்னது. வாழைக்காய் சீவும் கரண்டியை யாரும் கேட்கவில்லை. பிறகு அது வந்தது. பெண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை எந்த வருடம் கிடைத்தது? கீழே 1913, 1916, 1919.

மூன்றுமே ரயில் நேரம் மாதிரித் தெரிந்தன. மணிக்கூட்டில் பார்த்தது எது, பழையது எது, புதியது எது என்று எல்லாம் குழம்பிவிட்டது. உள்ளங்கை வேர்த்தது. எட்டாம் வகுப்பு வாங்கில் இருந்தபோதும் இப்படித்தான் வேர்த்தது. எழும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். எழும்பினால் அடுத்த தேர்தலுக்கும் வாசலில்தான் நிற்க வேண்டும் என்று தெரியும்.

வீட்டுக்கு வருவதுதானே வாக்குரிமை. கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்து பார்த்தேன். மேசையில் தேநீர். முதலில் நாக்கில் பட்டது ஆறிய தேநீர்தான். அது ஏன் ஆறியது? நான் வருவதற்கு மூன்று நிமிடம் முந்தி ஊற்றியதால். நான் வருவது 19:16. அந்த மனுசன் ஊற்றுகிற நேரம் மாறவில்லை.

1913ஐ அழுத்தினேன். அழுத்திய பிறகு இன்னும் மூன்று தரம் பார்த்தேன்.

முடிவு வந்தபோது நான் திறக்கவில்லை. மகளிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, குசினியில் ஒன்றுமில்லாத சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து முதுகோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள்.

"பாஸ், அம்மா."

"வடிவாப் பாத்தனியோ? என்ரை பேரோ கிடக்கு?"

"உங்கடை பேர்தான். வேற ஆரும் இஞ்சை சோதினை எடுக்கேல்லையே."

என் வாழ்க்கையில் நான் பாஸ் பண்ணிய முதல் பரீட்சை அது. அழுகை வரும்போல இருந்ததால், தேநீரின் கதையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது. கணவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"அப்ப நான்தான் பாஸ்" என்றார். "சோதினை இல்லாமல் எடுத்தனான் எண்டு என்னைச் சொன்னனீர். இப்ப அதையும் எடுத்தாச்சு."

இனி விண்ணப்பப் படிவம் இருக்கிறது. மகள் நிரப்புவாள், நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பேன் என்று முடிவாகியிருக்கிறது. அவள் அதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதையும் ஒதுக்கியிருக்கிறாள்.

அன்று சாப்பிட்டு முடித்து எழும்பும்போது கணவர் என்னைப் பார்க்காமல் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"வாற தேர்தலிலை நீரும் பிள்ளையும் முதல் உள்ளுக்கை போங்கோ. குடையளை நான் வைச்சுக்கொண்டு நிக்கிறன்."

"மழை பெய்யாட்டி?"

"பெய்யாட்டியும் நிக்கிறன்."